பத்துக்கு எத்தனை? தருமபுரி, கிருஷ்ணகிரி பிள்ளைகளை ரோபோ போட்டி அணிக்குத் தயார்செய்ய ஒரு முழு வழிகாட்டி

"நேத்து நல்லா ஓடுச்சு சார்."

ரோபோ போட்டிக்குப் பிள்ளைகளைத் தயார்செய்யும் ஆசிரியர் வாரத்துக்கு இரண்டு முறையாவது இதைக் கேட்டுவிடுவார். பிள்ளை பொய் சொல்லவில்லை. நேற்று உண்மையாகவே ஓடியது. இன்று அதே ரோபோ, அதே நிரல், அதே தரை. ஆனால் சாக்பீஸ் கோட்டைத் தாண்டிப் போய் பெஞ்சுக் காலில் முட்டி நிற்கிறது. அப்போது நான் கேட்பது ஒன்றுதான்: "பத்துக்கு எத்தனை?" பத்து முறை ஓட்டினால் எத்தனை முறை சரியாக வருகிறது என்று அர்த்தம். பதில் தெரியாவிட்டால் இன்னும் பத்து முறை ஓட்டிப் பார்த்து நோட்டில் எழுத வேண்டும். பாலக்கோடு பக்கத்தில் அரசுப் பள்ளி அறிவியல் ஆசிரியனாக இருந்து நான் கற்றுக்கொடுத்தவற்றில் பிள்ளைகளுக்கு அதிகம் உதவியது இந்தக் கேள்விதான். கீழே எழுதியிருக்கும் எல்லா வேலைகளும் இதைச் சுற்றியே நடக்கும்.

சென்னை, கோவை, பெங்களூரு பள்ளிகளில் இருந்து வரும் அணிகள் ரோபோ பாகங்கள் அடங்கிய விலையுயர்ந்த கிட் வைத்திருக்கும், தனிப் பயிற்சியாளர் வைத்திருக்கும். நம்மிடம் அது இல்லை என்பதைப் பிள்ளைகள் போட்டி அரங்கில் நுழைந்த ஐந்து நிமிடத்தில் பார்த்துவிடுவார்கள். ஆனால் ஒரு வேலையைப் பத்து முறை சோதித்து எழுதிவைக்கும் பழக்கத்தைக் காசு கொடுத்து வாங்க முடியாது. அதை நம் பிள்ளைகளுக்கு ஜூன் மாதமே கொடுத்துவிடலாம்.

எந்தப் போட்டி என்பதை முதலில் முடிவுசெய்யுங்கள்

ரோபோ போட்டி என்றால் ஒன்றல்ல. ஒவ்வொன்றும் வேறு வகைப் பிள்ளையைக் கேட்கும்.

ஃபர்ஸ்ட் என்ற அமைப்பு 1989-ல் அமெரிக்காவில் டீன் கேமன் என்ற கண்டுபிடிப்பாளர் தொடங்கியது. அதன் லெகோ லீக் போட்டியின் சேலஞ்ச் பிரிவில் நம் நாட்டில் 9 முதல் 16 வயது வரை சேரலாம். அணியில் பத்துப் பேர் வரை இருக்கலாம். ரோபோ மேசையில் ஓடும் நேரம் இரண்டரை நிமிடம்தான். ஆனால் ரோபோ ஆட்டத்தோடு, ரோபோவை எப்படி வடிவமைத்தீர்கள், ஊர்ச் சிக்கல் ஒன்றுக்கு என்ன தீர்வு கண்டீர்கள், அணியாக எப்படி நடந்துகொண்டீர்கள் என்ற மூன்றையும் நடுவர்கள் பார்ப்பார்கள். பேசத் தெரிந்த பிள்ளைக்கும், படம் வரையும் பிள்ளைக்கும், கணக்கு எழுதும் பிள்ளைக்கும் இங்கே இடம் உண்டு. முதல் ஆண்டு அணிக்கு நான் இதைத்தான் சொல்வேன்.

உலக ரோபோ ஒலிம்பியாட் 2004-ல் சிங்கப்பூரில் தொடங்கியது. 2016-ல் உலக இறுதிப் போட்டி நம் நாட்டிலேயே நடந்தது. இதில் அணிக்கு இரண்டு அல்லது மூன்று பேர்தான். ரோபோமிஷன் பிரிவில் வயது வாரியாக மூன்று நிலைகள்: 8–12, 11–15, 14–19. ரோபோ புறப்படும்போது 25 சென்டிமீட்டர் பெட்டிக்குள் அடங்க வேண்டும். போட்டி நாள் காலையில் யாருக்கும் முன்கூட்டித் தெரியாத புதிய விதி ஒன்றை அறிவிப்பார்கள். அதனால் மனப்பாடமாக நிரல் எழுதிய அணி அங்கே தடுமாறும். காரணம் தெரிந்து எழுதிய அணி அரை மணியில் மாற்றிக்கொள்ளும். சிக்கலுக்குத் தீர்வு காட்டும் ஃபியூச்சர் இன்னோவேட்டர்ஸ், தானாக ஓடும் கார் செய்யும் ஃபியூச்சர் என்ஜினியர்ஸ் என்று வேறு பிரிவுகளும் உண்டு.

ஃபர்ஸ்ட் டெக் சேலஞ்ச் பெரிய பிள்ளைகளுக்கானது. 12 முதல் 18 வயது, 18 அங்குலக் கனச்சதுரத்துக்குள் அடங்கும் ரோபோ, 30 வினாடி தானியங்கி ஓட்டம், பிறகு இரண்டு நிமிடம் ரிமோட் ஓட்டம். செலவும் அதற்கேற்ப ஏறும். இரண்டு ஆண்டு அனுபவம் வந்தபின் இதை யோசிக்கலாம்.

இவற்றுக்கெல்லாம் முன்னால், பக்கத்துப் பொறியியல் கல்லூரி விழாக்களில் நடக்கும் லைன் ஃபாலோயர் போட்டி, அதாவது தரையில் போட்ட கோட்டைப் பிடித்து ரோபோ ஓடும் போட்டி, ஒன்றைப் பாருங்கள். செட்டிக்கரை, பர்கூர், ஓசூர் என்று நம் இரு மாவட்டத்திலும் கல்லூரிகள் இருக்கின்றன. பள்ளிப் பிள்ளைகளைச் சேர்ப்பார்களா என்று நேரில் போய்த் துறைத் தலைவரிடம் கேளுங்கள். போட்டியில் சேர்க்காவிட்டாலும், பார்க்க அனுமதிப்பார்கள். ஒரு ரோபோ எல்லார் முன்னாலும் நின்றுபோவதையும், அதன் உரிமையாளர் பதறாமல் ஸ்க்ரூடிரைவரை எடுப்பதையும் பிள்ளைகள் கண்ணால் பார்ப்பது பெரிய பாடம்.

போட்டியை முடிவுசெய்ததும் விதிப் புத்தகத்தை அச்செடுங்கள். ஆங்கிலத்தில்தான் இருக்கும். தினம் ஒரு பக்கம், பிள்ளைகளே படித்துத் தமிழில் நோட்டில் எழுத வேண்டும். ஆசிரியர் விளக்கிச் சொல்லிவிட்டால் விதி ஆசிரியருடையதாகவே இருந்துவிடும்.

யாரைச் சேர்ப்பது

முதல் ஐந்து ரேங்க் எடுத்தவர்களை அழைத்து அணி அமைக்கும் வழக்கம் நம் பள்ளிகளில் இருக்கிறது. அதை விடுங்கள். நான் தேடும் பிள்ளைகள் வேறு. அப்பாவின் டிவிஎஸ் எக்ஸ்எல் ஸ்டார்ட் ஆகாதபோது ஸ்பார்க் பிளக்கைக் கழற்றித் துடைக்கத் தெரிந்தவன் ஒருவன். தக்காளி மண்டியில் கிரேடு வாரியாகக் கூடை எண்ணிக் கணக்குச் சொல்லும் பெண் ஒருத்தி. கிணற்று மோட்டார் ஸ்டார்ட்டரில் எந்த விளக்கு எரிந்தால் எந்த ஃபேஸ் இல்லை என்று சொல்லத் தெரிந்தவன். வகுப்பில் வாய் மூடாமல் கேள்வி கேட்டுத் திட்டு வாங்குகிறவள். இந்த நாலு பேரோடு, பொறுமையாக எழுதிவைக்கும் ஒரு பிள்ளையும் கிடைத்தால் அணி பாதி அமைந்த மாதிரி.

தேர்வு வைக்க வேண்டுமென்றால் எழுத்துத் தேர்வு வேண்டாம். ஒரு பழைய சுவர்க் கடிகாரத்தையோ ஓடாத மிக்சியையோ பிளக் பிடுங்கிய நிலையில் கொடுத்து, கழற்றித் திரும்ப மாட்டச் சொல்லுங்கள். கழற்றும்போது எந்த ஸ்க்ரூ எங்கிருந்து வந்தது என்று தாளில் வரைந்துவைக்கும் பிள்ளையைக் கவனியுங்கள். அந்தப் பிள்ளையை விடாதீர்கள்.

ஆறாம், ஏழாம், எட்டாம் வகுப்பில் தொடங்குவது நல்லது. பத்தாம் வகுப்பில் தொடங்கினால் ஜனவரியில் வீட்டிலிருந்து அழைப்பு வரும், "படிப்பு கெடுது சார்" என்று. அவர்கள் சொல்வதும் நியாயம்தான்.

பெண் பிள்ளைகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். எங்கள் அணியில் மிகச் சரியாக வயரிங் செய்த பெண்ணின் அம்மா, பயணத்துக்குப் பத்து நாள் முன்பு பள்ளிக்கு வந்து, "பொம்பளப் புள்ளைய வெளியூர்ல ராத்திரி தங்க வெக்கணுமா சார்?" என்று கேட்டார். நான் அதிகம் பேசவில்லை. "நீங்களும் வாங்கம்மா" என்றேன். அவர் வந்தார். எங்களோடு இன்னொரு ஆசிரியையும் வந்தார். அந்த அம்மா அரங்கில் முழு நாளும் நின்று பார்த்தார். அடுத்த ஆண்டு அவரே தெருவில் இன்னும் இரண்டு வீட்டில் பேசிப் பிள்ளைகளைச் சேர்த்துவிட்டார். ஆகவே பெற்றோர் கூட்டத்தை ஜூனிலேயே வையுங்கள். கடைசி பஸ் எத்தனை மணிக்கு, பயிற்சி முடிந்து பிள்ளை யாரோடு வீடு போகும், வெளியூர்ப் பயணத்தில் எந்த ஆசிரியை உடன் வருவார் என்ற மூன்றுக்கும் அன்றே பதில் சொல்லிவிடுங்கள்.

முதல் ஆறு வாரம்: கிட் வேண்டாம்

கிட் வந்த பிறகு தொடங்கலாம் என்று காத்திருப்பவர்கள் ஆண்டு முடியும்வரை காத்திருப்பார்கள். முதல் ஆறு வாரத்துக்குச் சாக்பீஸ், அளவுகோல், அட்டை, உயர் தொழில்நுட்ப ஆய்வகத்தில் இருக்கும் கணினி, இவ்வளவு போதும்.

முதல் வாரம் மைதானத்தில் விளையாட்டு. ஒரு பிள்ளையின் கண்ணைக் கட்டி ரோபோ ஆக்குங்கள். மற்றவன் தாளில் எழுதிய கட்டளையை மட்டும் படிக்க வேண்டும். "மூன்று அடி முன்னே, வலப்பக்கம் திரும்பு, இரண்டு அடி" என்று எழுதியிருந்தால் அதைத்தான் ரோபோ செய்யும். வேப்பமரத்தில் முட்டப்போகிறான் என்று தெரிந்தாலும், எழுதாததைச் சொல்லக்கூடாது. நாம் நினைத்தது வேறு, நாம் எழுதியது வேறு என்பது பத்து நிமிடத்தில் புரிந்துவிடும். "வலப்பக்கம்" என்றால் எவ்வளவு என்று ரோபோவாக இருப்பவன் கேட்டான் என்றால் அன்றைய வகுப்பு வெற்றி.

அடுத்த மூன்று வாரம் ஸ்கிராட்ச். அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழக ஆய்வகம் உருவாக்கிய, கட்டளைக் கட்டங்களைக் கோர்த்து நிரல் எழுதும் இந்த மென்பொருள் இலவசம், இணையம் இல்லாமலும் ஓடும். முதலில் கட்டளைகளைத் தமிழில் சொல்லிப் பழகட்டும், மூன்றாம் வாரத்தில் ஆங்கிலச் சொல்லுக்கே மாற்றிவிடுங்கள். பொருள் முன்பே தெரியும் என்பதால் பிள்ளைகள் ஆங்கிலச் சொல்லைப் பயமின்றிப் பிடித்துக்கொள்வார்கள். ஓசூர், தளி, பேரிகைப் பக்கம் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசும் பிள்ளைகள் நிறைய. அவர்கள் தங்களுக்குள் அந்த மொழியில் விளக்கிக்கொண்டால் தடுக்காதீர்கள். ஒன்றைப் புரிந்துகொள்ளும் நேரத்தில் எந்த மொழியும் சரிதான்.

ஐந்தாம் வாரம் சைக்கிள். பதினொன்றாம் வகுப்பு அண்ணன் அக்காக்களுக்கு அரசு கொடுத்த சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடல் பக்கப் பல்லையும் பின் சக்கரப் பல்லையும் எண்ணச் சொல்லுங்கள். 44-ம் 18-ம் என்று வந்தால், பெடல் ஒரு சுற்று சுற்ற, பின் சக்கரம் சுமார் 2.44 சுற்று சுற்றும். வேகம் கூடும், இழுவை குறையும். தொப்பூர்க் கணவாய் ஏற்றத்தில் லாரி ஏன் முதல் கியரில் முனகிக்கொண்டு ஏறுகிறது என்று கேளுங்கள். கியர் விகிதம் என்ற பாடம் அதற்குமேல் தேவைப்படாது.

ஆறாம் வாரம் டிங்கர்கேட் என்ற இலவச இணையதளத்தில் மின்சுற்று. திரையில் எல்.இ.டி. எரிந்து போனால் செலவில்லை.

முதல் ரோபோ

அடல் டிங்கரிங் ஆய்வகம் உள்ள பள்ளி என்றால் பொருட்கள் அங்கேயே இருக்கும். நிதி ஆயோக்கின் அடல் புத்தாக்க இயக்கம் ஒரு பள்ளிக்கு 20 லட்சம் ரூபாய் வரை கொடுக்கும் திட்டம் அது. பூட்டிய அலமாரியைத் திறக்கத் தலைமையாசிரியரிடம் கையெழுத்து வாங்குவதுதான் அங்கே முதல் படி. பொருள் உடைந்தால் யார் பொறுப்பு என்ற பயத்தில் அலமாரியை யாரும் தொடுவதில்லை. உடையும், உடைந்தால் பதிவேட்டில் எழுதுவோம் என்று முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

ஆய்வகம் இல்லாத பள்ளிக்கு, நிரலை ஏற்றி ஓட்டும் ஆர்டுயினோ ஊனோ பலகை ஒன்று, அதன் கட்டளைப்படி மோட்டாருக்கு மின்சாரம் அனுப்பும் எல்298என் மோட்டார் டிரைவர் ஒன்று, மஞ்சள் நிற பி.ஓ. மோட்டார் இரண்டு, 65 மில்லிமீட்டர் சக்கரம் இரண்டு, எப்பக்கமும் உருளும் காஸ்டர் உருளை ஒன்று, தரையின் கறுப்பு வெள்ளையை அகச்சிவப்புக் கதிரால் அறியும் ஐ.ஆர். சென்சார் இரண்டு, மின்னழுத்தம் அளக்க ஒரு மல்டிமீட்டர் போதும். பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் எல்லாம் கிடைக்கும். ஓசூரிலிருந்து ஒரு காலைப் பயணம்தான். பிள்ளைகள் இரண்டு பேரையாவது அழைத்துப் போங்கள். பட்டியல் எழுதி, நாலு கடையில் விலை கேட்டு, பேரம் பேசி வாங்குவதும் பயிற்சிதான்.

பேட்டரியில் கவனம் வேண்டும். முதல் ஆண்டு நான் 9 வோல்ட் சதுர பேட்டரியை வாங்கிவிட்டேன். மோட்டார் ஓடத் தொடங்கியதும் ஆர்டுயினோவின் விளக்கு அணைந்து மறுபடி எரியும், நிரல் முதலிலிருந்து ஓடும். இரண்டு நாள் நிரலில் பிழை தேடினோம். கடைசியில் ஒரு பெண் மல்டிமீட்டரை பேட்டரியில் வைத்துக்கொண்டே ரோபோவை ஓடவிட்டாள். மோட்டார் கிளம்பும் கணத்தில் எண் படீரென்று இறங்கியது. நின்ற மோட்டார் கிளம்பும்போது, ஓடும்போது எடுப்பதைவிடப் பல மடங்கு மின்னோட்டம் இழுக்கும். அந்தச் சின்ன பேட்டரியின் உள்தடை அதிகம், அவ்வளவு கொடுக்க அதனால் முடியாது. மின்னழுத்தம் விழுந்ததும் ஆர்டுயினோ மறுபடி தொடங்கிவிடுகிறது. அந்தப் பெண் அன்று நோட்டில் எழுதிய வரி: "நிரலைத் திருத்தும் முன் மின்சாரத்தை அள."

பிறகு 18650 என்ற அளவு லித்தியம் செல்லுக்கு மாறினோம். இதிலும் ஏமாந்தோம். ஒரு கடையில் 9900 மில்லி ஆம்பியர்-மணி என்று அச்சிட்ட செல்லைக் கொடுத்தார்கள். இந்த அளவில் நல்ல செல்லே 3500 சுற்றித்தான் தாங்கும். அதற்குமேல் பெரிய எண் போட்டிருந்தால் தொடாதீர்கள். லித்தியம் செல்லைப் பிள்ளைகள் தனியாகச் சார்ஜ் போடக்கூடாது, இரவு முழுக்க விடக்கூடாது, பையில் சாவி, நாணயத்தோடு போடக்கூடாது. பிளாஸ்டிக் உறை கிழிந்த செல்லை அன்றே ஒதுக்குங்கள். செல்லை மாட்டும் வேலைக்கு ஒரே ஒரு பிள்ளையைப் பொறுப்பாக்குங்கள். சால்டரிங் செய்யும்போது ஜன்னல் திறந்திருக்கட்டும், கண்ணாடி அணியட்டும், முடிந்ததும் கை கழுவட்டும்.

ரோபோ ஓடவே இல்லை என்றால் முதலில் கிரவுண்ட் வயரை, அதாவது பேட்டரியின் எதிர்முனையோடு சேரும் வயரை, பாருங்கள். மோட்டார் டிரைவரின் கிரவுண்டும் ஆர்டுயினோவின் கிரவுண்டும் ஒன்றாக இணையாவிட்டால் எதுவும் சரியாக நடக்காது. எங்கள் நோட்டில் எழுதிய பழுதுகளில் அதிக முறை வந்தது இதுதான்.

"நேத்து நல்லா ஓடுச்சு": காரணம் என்ன

இந்த இடத்தில் அவசரப்படாதீர்கள். அணியின் தரம் இங்கேதான் முடிவாகும்.

பெரும்பாலான பிள்ளைகள் முதலில் நேரத்தை வைத்து நிரல் எழுதுவார்கள். "2 வினாடி முன்னே போ." இரண்டு 18650 செல் முழுச் சார்ஜில் 8.4 வோல்ட் தரும். நிறைய ஓட்டியபின் 6.4 வோல்ட் அளவுக்கு இறங்கும். எல்298என் தானே ஏறக்குறைய 2 வோல்ட்டை விழுங்கிவிடும். அப்படியென்றால் மோட்டாருக்கு நேற்று 6.4 வோல்ட், இன்று 4.4 வோல்ட். அதே 2 வினாடியில் ரோபோ போகும் தூரம் மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடும். நேற்று ஓடியதும் உண்மை, இன்று ஓடாததும் உண்மை.

இதை நீங்கள் சொல்லிக்கொடுக்காதீர்கள். தரையில் சாக்பீஸில் தொடக்கக் கோடு போட்டு, பத்து முறை ஓட்டி, நின்ற இடத்தை ஒவ்வொரு முறையும் அளந்து, பக்கத்தில் பேட்டரி வோல்ட்டையும் எழுதச் சொல்லுங்கள். எங்கள் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் இரண்டு வரிசை எண்களையும் பத்து நிமிடம் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். பிறகு ஒருத்தி மெதுவாக, "சார், இது பேட்டரியோட சேர்ந்து இறங்குது" என்றாள். அந்த நிமிடத்துக்காகவே நான் சனிக்கிழமைகளில் பள்ளிக்கு வருகிறேன்.

தீர்வு, நேரத்தை விட்டுச் சக்கரச் சுற்றை எண்ணுவது. மஞ்சள் மோட்டாரின் மறுபுற அச்சில் 20 துளை உள்ள சின்னத் தட்டை மாட்டி, அதன் குறுக்கே ஒளிச் சென்சார் வைக்கலாம். 65 மில்லிமீட்டர் சக்கரத்தின் சுற்றளவு ஏறக்குறைய 20.4 சென்டிமீட்டர். ஆகவே ஒரு துளைக்கு ஒரு சென்டிமீட்டருக்குச் சற்று மேல். ஒரு மீட்டர் போக 98 துளை எண்ணினால் போதும். இரண்டு சக்கரத்துக்கும் இடையில் 14 சென்டிமீட்டர் என்றால், நின்ற இடத்தில் 90 பாகை திரும்ப ஒவ்வொரு சக்கரமும் 11 சென்டிமீட்டர் உருள வேண்டும், ஒன்று முன்னே, ஒன்று பின்னே. ஊனோவில் இந்த எண்ணிக்கைக்கு ஏற்ற இடையீட்டுப் பின்கள், அதாவது துளை கடந்ததும் உடனே நிரலுக்குத் தெரிவிக்கும் இணைப்புகள், 2, 3 என்று இரண்டுதான் இருக்கின்றன. இரண்டு சக்கரத்துக்கும் சரியாகப் போய்விடும். வட்டத்தின் சுற்றளவைக் கணக்குப் பாடத்தில் வெறுத்த பிள்ளைகள், பத்து சென்டிமீட்டர் தவறிய ரோபோவுக்காக அதே சூத்திரத்தை மூன்று முறை போட்டுப் பார்ப்பார்கள்.

லெகோ ஸ்பைக் போன்ற கிட்டில் சுற்றை எண்ணும் இந்தக் கருவி மோட்டாருக்குள்ளேயே இருக்கும், பாகைக் கணக்கில் சொல்லும். சக்கரத்தின் விட்டம் 56 மில்லிமீட்டர் என்றால் ஒரு சுற்றுக்கு 17.6 சென்டிமீட்டர். மஞ்சள் மோட்டாரில் பழகிய பிள்ளை அந்தக் கிட்டைத் தொட்டதும், அந்த எண்ணும் கருவி எதற்கு இருக்கிறது என்று யாரும் சொல்லாமலே தெரிந்துகொள்ளும்.

கோட்டைப் பின்தொடர்தல்

கறுப்பு தெரிந்தால் இடப்பக்கம், வெள்ளை தெரிந்தால் வலப்பக்கம் என்று எழுதினால் ரோபோ கோட்டில் போகும். ஆனால் புதிதாக சைக்கிள் பழகும் பிள்ளை ஹேண்டில்பாரை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் வெட்டுவதுபோல ஆடிக்கொண்டு போகும். பழகிய பிள்ளை கொஞ்சம் விலகினால் கொஞ்சம் திருப்பும், அதிகம் விலகினால் அதிகம் திருப்பும். அதையே நிரலில் எழுத வேண்டும்.

வெள்ளைத் தரையில் சென்சார் 90 காட்டுகிறது, கறுப்பில் 10 என்று வைத்துக்கொள்வோம். கோட்டின் ஓரத்தில் இருக்க வேண்டிய அளவு நடுவில் 50. இப்போது 70 காட்டினால் விலகல் 20. அந்த 20-ஐ 0.6-ஆல் பெருக்கினால் 12. ஒரு மோட்டாருக்கு 12 கூட்டி, இன்னொன்றுக்கு 12 குறையுங்கள். 0.6 என்பது நான் சும்மா எடுத்த எண். பிள்ளைகள் 0.2, 0.6, 1.2 என்று மாற்றி, ஒவ்வொன்றுக்கும் பத்து ஓட்டம் ஓட்டி, எங்கே ஆடுகிறது, எங்கே வளைவைத் தவறவிடுகிறது என்று எழுத வேண்டும். இதற்கு சென்சார் வெறும் 0, 1 மட்டும் சொன்னால் போதாது, அளவைச் சொல்லும் அனலாக் வெளியீடு வேண்டும். வாங்கும்போதே பார்த்து வாங்குங்கள்.

வெளிச்சம் இன்னொரு எதிரி. எங்கள் வகுப்பறை டியூப்லைட்டில் பத்துக்குப் பத்து ஓடிய ரோபோ, ஒரு போட்டி அரங்கில் மேற்குப் பக்க ஜன்னலருகே போட்ட மேசையில் மதியம் இரண்டு மணிக்குக் கோட்டையே காணாததுபோல நின்றது. வெயிலிலும் அகச்சிவப்புக் கதிர் உண்டு, சென்சாருக்கு எல்லாம் வெள்ளையாகத் தெரிந்துவிட்டது. அதற்குப் பிறகு இரண்டு மாற்றம் செய்தோம். சென்சாரைச் சுற்றிக் கறுப்புச் சார்ட் அட்டையில் பாவாடை கட்டினோம். 10, 90 என்று எண்களை நிரலில் எழுதாமல், பட்டனை ஒரு முறை அழுத்தினால் வெள்ளையையும் மறுமுறை அழுத்தினால் கறுப்பையும் அந்த இடத்திலேயே அளந்துகொள்ளும்படி எழுதினோம். வீட்டுப்பாடம்: காலை, மதியம், மாலை, விளக்கு அணைத்தபின் என்று நாலு வேளையும் பத்துப் பத்து ஓட்டம்.

மேசைக்கு எது போகும், எது போகாது

போட்டி மேசையில் பத்துப் பதினைந்து பணிகள் இருக்கும். எல்லாவற்றையும் செய்ய ஆசைப்படும் அணி தோற்கும். இதைப் பிள்ளைகளுக்கு நம்பவைக்க எளிய நிகழ்தகவு போதும். ஒரு பணி பத்துக்கு எட்டு முறை சரியாக வருகிறது. நல்லதுதான். அப்படி ஐந்து பணிகளைத் தொடர்ச்சியாகக் கோர்த்தால், ஐந்தும் சரியாக வரும் வாய்ப்பு 0.8-ஐ ஐந்து முறை பெருக்கிய 0.33. மூன்று ஓட்டத்தில் ஒன்று. அதே பணிகள் ஒவ்வொன்றும் நூற்றுக்கு 95 முறை வந்தால் 0.77. புதிய பணி ஒன்றைச் சேர்ப்பதைவிட, இருப்பதைக் கெட்டிப்படுத்துவதில் புள்ளி அதிகம். பத்துக்கு ஒன்பது வராத பணி மேசைக்கு வராது என்று எங்கள் சுவரில் எழுதி வைத்திருக்கிறோம்.

கெட்டிப்படுத்த மூன்று வழி. முதலாவது, சுவரில் முதுகைச் சாய்ப்பது. ரோபோவின் பின்புறத்தைத் தட்டையாகச் செய்து, மேசை விளிம்பில் மெதுவாக முட்டவிட்டால் அதுவரை சேர்ந்த கோணப் பிழை அழிந்துவிடும். அடுத்து, புறப்படும் இடத்தில் வைக்கக் கை நிதானத்தை நம்பாமல், அளவான ஒரு சட்டத்தைச் செய்து அதில் ஒட்டிவைப்பது. கடைசியாக, வேகத்தைக் குறைப்பது. பிள்ளைகள் இதைத்தான் கடைசிவரை எதிர்ப்பார்கள். வேகத்தைப் பாதியாக்கி ஒரு பத்து ஓட்டம் எடுத்து எண்ணை அவர்களே பார்க்கட்டும்.

ஊர்ச் சிக்கலும் பேச்சும்

தீர்வுத் திட்டத்துக்குப் பிள்ளைகள் இணையத்தில் தேடினால் கடல் பிளாஸ்டிக்கைச் சுத்தம் செய்யும் படகைக் கொண்டுவருவார்கள். நம் இரு மாவட்டத்திலும் கடல் கிடையாது. வீட்டுத் திண்ணையில் என்ன இருக்கிறது என்று கேளுங்கள்.

பாட்டியின் பல்லில் பழுப்புக் கறை இருக்கிறது. நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு. குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்பது வரையறை, நம் பக்கத்தில் பல ஆழ்துளைக் கிணறுகளில் அது தாண்டுகிறது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே இதற்காகத்தான் வந்தது. குழாயில் காவிரித் தண்ணீர் வந்தும், சமையலுக்குப் போர் தண்ணீரை எடுக்கும் வீடு தெருவில் எத்தனை? பிள்ளைகள் நோட்டோடு போய் எண்ணிவரட்டும். தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டிப் பக்கம் என்றால் ராகிக் கொல்லைக்கு யானை வருகிறது. தருமபுரியில் பட்டுக்கூடு அங்காடி இருக்கிறது. அங்கே போன எங்கள் பிள்ளைகள், இரட்டைக் கூட்டையும் கறைபட்ட கூட்டையும் ஒரு பெரியவர் கையாலேயே பிரிப்பதைப் பார்த்தார்கள். "எப்படிங்க தெரியுது?" என்று கேட்டதற்கு அவர் ஒரு கூட்டை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துக் காட்டினார். எல்.இ.டி.யும் ஒளிச் சென்சாரும் வைத்துப் பிரிக்கும் சின்ன எந்திரம் அந்தக் கையசைவிலிருந்துதான் பிறந்தது. முதல் வாரம் பத்துக்கு ஐந்துதான் வந்தது. பெரியவர் பத்துக்குப் பத்து. அந்த இரண்டு எண்ணையும் அப்படியே நடுவர்களிடம் சொன்னார்கள்.

பேச்சுப் பயிற்சியில் ஒரு வழி எங்களுக்குப் பலித்தது. முதலில் முழுவதையும் தமிழில், வீட்டில் அம்மாவிடம் சொல்லிக்காட்ட வேண்டும். அம்மா ஒரு கேள்வி கேட்க வேண்டும். அந்தக் கேள்வியை மறுநாள் கொண்டுவர வேண்டும். அதன்பின் ஐந்தே ஐந்து ஆங்கில வாக்கியம், அவர்களே எழுதியவை. ஆசிரியர் எழுதிக்கொடுத்த அழகான ஆங்கிலத்தை நடுவர் முதல் நிமிடத்திலேயே கண்டுபிடித்துவிடுவார். தமிழில் விளக்கலாமா என்று அமைப்பாளரிடம் முன்பே கேட்டுவிடுங்கள். கேட்பதில் தவறில்லை.

நோட்டை மறக்காதீர்கள். தேதி, என்ன மாற்றினோம், பத்துக்கு எத்தனை, அடுத்து என்ன. நாலு வரிதான். ஒரு நாளில் ஒரு மாற்றம் மட்டும். இரண்டை ஒன்றாக மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாமல் போய்விடும். அழகாகத் திருப்பி எழுதவேண்டாம், எண்ணெய்க் கறையோடு இருக்கட்டும்.

பணமும் நாட்காட்டியும்

நுழைவுக் கட்டணம், பயணம், தங்கல், உதிரிப் பொருள் என்று நாலையும் ஜூனிலேயே கணக்குப் போட்டுப் பள்ளி மேலாண்மைக் குழுவில் வையுங்கள். மாணவர்களின் புதிய யோசனைகளுக்கு மத்திய அரசு தரும் இன்ஸ்பயர் மானக் விருதில் தேர்வானால் மாணவருக்கு 10,000 ரூபாய் கிடைக்கும், அந்த யோசனையையே அணியின் திட்டமாக வளர்க்கலாம். ஓசூர்ப் பகுதித் தொழிற்சாலைகளின் சமூகப் பொறுப்பு நிதிக்கு எழுதும்போது, பிள்ளைகளின் சோதனை நோட்டிலிருந்து இரண்டு பக்கம் நகலெடுத்து இணையுங்கள். ஓசூரிலும் பெங்களூரிலும் வேலை செய்யும் பழைய மாணவர்களிடம் பணத்தோடு ஒரு ஞாயிற்றுக்கிழமையையும் கேளுங்கள். ஆலையில் ரோபோக் கை பராமரிக்கும் ஓர் அண்ணன் வந்து உட்கார்ந்தால், பிள்ளைகள் கேட்கும் கேள்வியே மாறிவிடும்.

லெகோ லீக் பருவம் ஆகஸ்டில் திறக்கும். உலக ஒலிம்பியாட்டின் பணிகள் ஜனவரியில் வெளியாகும், உலக இறுதி நவம்பர் வாக்கில் நடக்கும். காலாண்டு, அரையாண்டுத் தேர்வுக்கு முன் இரண்டு வாரம் பயிற்சியை நிறுத்திவிடுங்கள். வாரம் மூன்று நாள், மாலை ஒரு மணி நேரம் போதும், சனிக்கிழமை மட்டும் நீளமாக.

போட்டி நாள்

முந்தைய நாள் மாலைக்குப் பிறகு நிரலைத் தொடக்கூடாது. கடைசியாகப் பத்துக்குப் பத்து ஓடிய நிரலை இரண்டு பென்டிரைவில் எடுத்துவையுங்கள். பெட்டியில் உதிரி மோட்டார், யூ.எஸ்.பி. கேபிள் இரண்டு, சார்ஜ் போட்ட செல், மல்டிமீட்டர், இன்சுலேஷன் டேப், எக்ஸ்டென்ஷன் போர்டு, சக்கரத்தின் தூசியைத் துடைக்க ஈரத்துணி. தூசி படிந்த ரப்பர் வழுக்கும், எண்ணிக்கை சரியாக இருந்தாலும் தூரம் குறையும். காலையில் இட்லியோ களியோ, பழகிய சாப்பாடு. புது ஊரில் புது ஓட்டலில் வயிறு கெட்டால் அணியில் ஒருவர் குறைவார்.

அரங்கில் ஆசிரியர் ரோபோவைத் தொடக்கூடாது. விதியும் அதுதான். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நில்லுங்கள். முதல் சுற்றில் ரோபோ வழி தவறினால் பிள்ளைகள் திரும்பி உங்கள் முகத்தைப் பார்ப்பார்கள். அப்போது உங்கள் முகம் எப்படி இருக்க வேண்டும் என்பதை வீட்டிலேயே பழகிவிட்டு வாருங்கள். பிறகு அவர்கள் தாங்களே வோல்ட் அளந்து, வெள்ளை கறுப்பு அளந்து, சக்கரம் துடைத்து, அந்த வரிசையில் போனால் உங்கள் வேலை முடிந்தது.

பக்கத்து மேசை அணியிடம் பேசச் சொல்லுங்கள். "உங்க சென்சார் எவ்ளோ உயரத்துல வெச்சிருக்கீங்க?" என்று கேட்டுவந்து நோட்டில் எழுதும் பிள்ளை, கோப்பை வாங்காவிட்டாலும் வெறுங்கையோடு திரும்பாது.

ஊர் திரும்பிய திங்கட்கிழமை, மதிப்பெண் தாளைச் சுவரில் ஒட்டுங்கள். எந்தச் சுற்றில் எது தவறியது என்று அணியே எழுதட்டும். அதே வாரம் ஆறாம் வகுப்பிலிருந்து புதிதாக ஐந்து பேரை அழைத்து, அந்த ரோபோவைக் கழற்றக் கொடுங்கள். கழற்றும்போது எந்த வயர் எங்கிருந்து வந்தது என்று பெரிய பிள்ளைகள் சொல்லிக்கொடுக்கக்கூடாது. வரைந்துவைக்க ஒரு தாளும் பென்சிலும் மட்டும் பக்கத்தில் இருக்கட்டும்.